சேர்வராயன் மலைக் கற்களுக்கு ஒரு கார்பன் சக்கரம்: ரிம் தேர்வு முதல் காற்றின் அளவு வரை

மலை சைக்கிளுக்குக் கார்பன் இழையால் ஆன ரிம் வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது "எத்தனை கிராம்?" என்றுதான். நானும் அதையே கேட்டேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் மின்தராசில் என் பழைய அலுமினிய ரிம்மையும் புதிய கார்பன் ரிம்மையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். ஒன்று 462 கிராம், மற்றொன்று 358. இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தால் 200 கிராமுக்குச் சற்று மேல் மிச்சம்.

இந்த 200 கிராம் என்ன தருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 80 கிலோ என்றால், 200 கிராம் அதில் 400-இல் ஒரு பங்கு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஒன்றரை மணி நேரத்தில் ஏற்காட்டை எட்டுபவருக்கு மிச்சமாவது 13 வினாடிதான். "சுழலும் எடை இரட்டிப்பாகக் கணக்காகும்" என்று சொல்வார்கள். வேகம் கூடும் நேரத்தில் மட்டும் அது உண்மை. ஒரே சீராக ஏறும்போது ரிம்மில் இருக்கும் ஒரு கிராமும் சட்டைப்பையில் இருக்கும் ஒரு கிராமும் ஒன்றே.

அப்படியானால் கார்பன் வீண் செலவா? இல்லை. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் கல் பாதையில், வேர்களும் மழை அறுத்த பள்ளங்களும் மாறி மாறி வரும் இடத்தில், முன்சக்கரம் நாம் காட்டிய கோட்டிலேயே போகும். வளைவில் நின்று மறுபடி மிதித்து எழும்பும்போது சக்கரம் உடனே எழும்பும். அலுமினியத்தைப் போல ஆறு மாதத்தில் விளிம்பு நசுங்கி அலை அலையாக ஆகாது. பணம் கொடுப்பது இதற்காகத்தான். இவை எல்லாமே கிராமைவிட ரிம்மின் வடிவத்தையும் சக்கரத்தைக் கட்டும் கையையும்தான் அதிகம் சார்ந்திருக்கின்றன.

முதல் படி: எந்த ரிம்

கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு (ஏற்றமும் இறக்கமும் கலந்த மண், கல் பாதை ஓட்டம்) இன்று 29 அங்குலம்தான் நடைமுறை. பெட்டியில் 622 என்று எழுதியிருக்கும். டயர் உட்காரும் விட்டத்தின் மில்லிமீட்டர் அளவு அது. அடுத்துப் பார்க்க வேண்டியது உள் அகலம். 2.2 முதல் 2.4 அங்குல டயர் போடுபவருக்கு 28 முதல் 30 மில்லிமீட்டர் உள் அகலம் பொருந்தும். 25-க்குக் கீழே போனால் குறைந்த காற்றில் டயர் வளைவில் பக்கவாட்டில் சாயும். 35-ஐத் தொட்டால் 2.25 டயரின் முகம் தட்டையாகி, பக்கச் சுவர் கற்களுக்கு நேராக வெளியே நிற்கும்.

எடையைப் பொறுத்தவரை, சந்தையில் 300 கிராமுக்குச் சற்று மேலே தொடங்கி 450 வரை கார்பன் ரிம் கிடைக்கிறது. நான் சொல்வது இதுதான்: முன்னுக்கு 350 ஒட்டி, பின்னுக்கு 400 ஒட்டி. உடல் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல் இருக்கிறது. கல்லில் இடிபடுவதும் அதுதான். இரண்டுக்கும் ஒரே ரிம் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

நம் மலையின் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் பாறை. உடைந்தால் கூர் விளிம்போடு உடையும், தேய்ந்து மழுங்க வெகுகாலம் ஆகும். உச்சிப் பகுதியில் அதன் மேல் சிவந்த செம்புறைக் கல்லும் பாக்சைட்டும் படிந்திருக்கின்றன; அங்கே பாதை சரளையாக உருளும். சரளை ரிம்மை எதுவும் செய்வதில்லை. சார்னோகைட்தான் உடைக்கும்.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நாகலூர்ப் பக்கத்தில் ஓர் இறக்கம். என் முதல் கார்பன் ரிம் மிக லேசானது, விளிம்பு ஒரு மில்லிமீட்டர் சொச்சமே தடிமன். பின்சக்கரத்தில் 18 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) காற்று. முழங்கால் உயரத் திட்டிலிருந்து இறங்கியபோது "டக்" என்று ஒரே ஒரு சத்தம், ஈரத் தேங்காயைத் தட்டியது போல. சக்கரம் கோணவில்லை. கீழே வந்து பார்த்தபோது விளிம்பின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல், அதிலிருந்து வெள்ளையாகச் சீலன்ட் (டயருக்குள் ஊற்றும் துளையடைப்புத் திரவம்) கசிந்து தூசியோடு உறைந்திருந்தது. விற்றவர்களிடம் அனுப்பினேன், "ஓட்டும்போது ஏற்பட்ட சேதம், உத்தரவாதத்தில் வராது" என்று பதில் வந்தது. ரிம் உடைந்ததைவிட, உத்தரவாதத் தாளை வாங்கும்போதே வரி வரியாகப் படிக்காமல் விட்டதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே ரிம் வாங்கும்போது விளிம்பின் தடிமனைக் கேளுங்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் தட்டையாக, முனை மழுங்கி இருக்கும் விளிம்பு அடியைப் பரப்பி வாங்கும்; டயரையும் கத்தி போல வெட்டாது. 30 கிராம் கூடுதலாக இருந்தாலும் அந்த 30 கிராம் விளிம்பில் இருக்கட்டும். டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி இல்லாத நேர்ச் சுவர் வடிவம் மலை சைக்கிளுக்குக் குறையே இல்லை. நாம் அடிக்கும் காற்று மிகக் குறைவு என்பதால் டயர் கழன்று வரும் பயம் வேண்டாம். டயர் டியூப்லெஸ் வகையாக இருந்தால் போதும். ரிம்மின் ஆழம் 20 முதல் 25 மில்லிமீட்டர் போதுமானது. ஆழம் கூடினால் மேல்கீழாக விறைப்பும் கூடி, உள்ளங்கையில் அடி விழும்.

ஸ்போக் துளைகள் 28. உடல் எடை 85 கிலோவுக்கு மேல் என்றால் பின்னுக்கு 32. துளைகள் நடுவிலிருந்து 2 அல்லது 3 மில்லிமீட்டர் விலகியிருக்கும் ரிம் கிடைத்தால் அதையே எடுங்கள். பின்சக்கரத்தில் பல்சக்கரப் பக்க ஸ்போக்குகள் செங்குத்தாகவும் மறுபக்கத்தவை சாய்வாகவும் நிற்பதால் இரு பக்கத்து இழுவிசையும் சமமாக இருக்காது. விலகிய துளைகள் அந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கின்றன.

மேலே தெரியும் நெசவு வடிவத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அது அழகுக்கு மட்டும். வலு உள்ளே ஒரே திசையில் அடுக்கப்பட்ட இழைகளில் இருக்கிறது.

இரண்டாம் படி: பெட்டியைத் திறந்ததும்

எடை போடுங்கள். சொன்ன எடையிலிருந்து 10, 15 கிராம் விலகுவது இயல்பு. பிறகு ரிம்மை விரலில் தொங்கவிட்டு, ஐந்து ரூபாய் நாணயத்தால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் ஒரே மாதிரி கணீரென்று வர வேண்டும்; ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். வால்வ் துளைக்கு அருகிலும் ஒட்டு இருக்கும் இடத்திலும் சத்தம் சற்று மாறும், அது குறையல்ல. பழைய பருத்தித் துணியால் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். நூல் எங்காவது சிக்கினால் அங்கே இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. குறை இருந்தால் படம் எடுத்து அன்றே அனுப்பிவிடுங்கள். ஸ்போக் மாட்டிய பிறகு திருப்பி எடுத்துக்கொள்ள யாரும் முன்வருவதில்லை.

மூன்றாம் படி: ஸ்போக் நீளம்

கம்பெனி தரும் அளவை நம்பி ஸ்போக் வாங்கிவிட்டு, இரண்டு மில்லிமீட்டர் குறைந்து போய்க் கையைப் பிசைந்தவர்கள் பலர். நீங்களே அளந்துவிடுங்கள். இரண்டு பழைய ஸ்போக்குகளைச் சரியாக 250 மில்லிமீட்டராக வெட்டி, முனையில் நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்டு) மாட்டி, மரை நுனி நிப்பிளின் தலை மட்டத்தைத் தொடும்வரை திருகுங்கள். எதிரெதிர்த் துளைகளில் அவற்றைச் செருகி இழுத்துப் பிடித்து, நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்து 500-உடன் கூட்டுங்கள். ரிம்மின் பயன் விட்டம் கிடைத்துவிட்டது. நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுப்பது நல்லது.

இப்போது கணக்கு. என் பின்சக்கரத்தை ஒட்டிய எண்களையே தருகிறேன். பயன் விட்டம் 600, அதாவது ஆரம் 300. ஹப்பில் (சக்கரத்தின் நடுக் குடத்தில்) ஸ்போக் துளை வட்டத்தின் விட்டம் 58, ஆரம் 29. ஒரு பக்கத் துளை வட்டம் ஹப்பின் நடுவிலிருந்து 20 மில்லிமீட்டர், மறுபக்கம் 34. 28 துளை என்றால் பக்கத்துக்கு 14. மூன்று குறுக்கு (ஒரு ஸ்போக் தன் வழியில் மற்ற மூன்றைக் கடப்பது) என்றால் கோணம் 3 × 360 ÷ 14, அதாவது 77.1 பாகை. அதன் கோசைன் 0.2225.

20 மில்லிமீட்டர் பக்கம்: 300 × 300 + 29 × 29 + 20 × 20 − 2 × 300 × 29 × 0.2225. விடை 87,369, வர்க்கமூலம் 295.6. ஹப் துளையின் பாதி 1.3-ஐக் கழித்தால் 294.3. எனவே 294 மில்லிமீட்டர் ஸ்போக். மறுபக்கத்துக்கு 20 இருக்கும் இடத்தில் 34 போட்டால் 295.6 வரும், அங்கே 295 வாங்கலாம். அரை மில்லிமீட்டர் குறைவது பரவாயில்லை, கூடுவது ஆபத்து: மரை முடிந்த பிறகு நிப்பிள் திரும்பாது. விலகிய துளை ரிம் என்றால் அந்த 3 மில்லிமீட்டரை ஒரு பக்கத்தில் கூட்டி மறுபக்கத்தில் கழித்துவிட்டு இதே கணக்கைப் போடுங்கள்.

ஹப் பற்றிச் சுருக்கமாக: உங்கள் ஃபிரேம் பூஸ்ட் எனப்படும் அகல ஹப் அளவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஹப்பின் அகலமும் அச்சின் தடிமனும் மில்லிமீட்டரில்: முன் 110 × 15, பின் 148 × 12.

ஸ்போக்கில் நடு மெலிந்த வகையை எடுங்கள். முனைகள் 2 மில்லிமீட்டர், நடு 1.8 அல்லது 1.5. தடித்த நேர்க் கம்பிதான் வலுவானது என்ற எண்ணம் பழைய கடைகளில் இன்னும் இருக்கிறது. மெலிந்த நடு சற்று நீண்டு கொடுத்து அடியை வாங்கிக்கொள்வதால் வளைவு முனையில் உடைவது குறைகிறது.

நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். அலுமினிய நிப்பிள் போட்டால் இரு சக்கரத்தின் 56-க்கும் சேர்த்து 35 கிராம் அளவு குறையும். ஆனால் கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியம் பொடியாகும். ஐப்பசி மழையில் ஏற்காட்டுச் சேற்றில் ஓட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுவரில் சாத்தி வைப்பவர்கள் நாம். பித்தளை பல வருடம் நிற்கும்.

நான்காம் படி: கட்டுவதும் கோட்டம் எடுப்பதும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

சைக்கிள் கடைக்காரர் அலுமினிய ரிம்மில் கோட்டம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, எந்த இடத்தில் கோணுகிறதோ அங்கே நிப்பிளைத் திருகுவார். அலுமினியம் வளைந்து கொடுக்கும் உலோகம் என்பதால் இழுவிசை ஏறுமாறாக இருந்தால் கோட்டமாக உடனே காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் காட்டிக்கொடுக்காது. அது விறைப்பானது, ஒரு ஸ்போக் 60 கிலோ, பக்கத்து ஸ்போக் 130 கிலோ இழுவிசையில் நின்றாலும் சக்கரம் நேராகவே சுழலும். கண்ணுக்குக் கோட்டம் இல்லை என்று ஓட்டத் தொடங்கினால், சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்த ஸ்போக் களைத்து முறியும், அல்லது இறுகிய நிப்பிள் தன் துளையைச் சுற்றி ரிம்மைப் பிளக்கும். கார்பன் சக்கரத்தில் இழுவிசைதான் முதல் அளவுகோல். கோட்டம் அதற்கு அடுத்தது.

ஸ்போக் மரைகளில் சிறிது ஆளி விதை எண்ணெய் தொட்டு மாட்டுங்கள். திருகும்போது வழுக்கிச் செல்லும், காய்ந்த பிறகு நிப்பிள் தளராமல் பிடித்துக்கொள்ளும். எல்லா நிப்பிளையும் மரை மறையும் வரை ஒரே அளவு திருகிவிட்டு, பிறகு ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக ஏற்றுங்கள். அவசரப்பட்டு ஓரிடத்தில் இரண்டு சுற்று ஏற்றக் கூடாது. இறுதி இழுவிசை ரிம் செய்தவர் சொன்ன உச்சத்தைத் தாண்டாமல், பொதுவாக 110 முதல் 120 கிலோ வரை, இறுகிய பக்கத்தில் இருக்க வேண்டும். பின்சக்கரத்தில் அது பல்சக்கரப் பக்கம். முன்சக்கரத்தில் டிஸ்க் பக்கம். மறுபக்கம் அதைவிடக் குறைவாகத்தான் நிற்கும், அதைச் சமமாக்க முயலாதீர்கள். ஒரே பக்கத்து ஸ்போக்குகள் மட்டும் ஒன்றுக்கொன்று 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்.

இழுவிசைமானி இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்குக் காது இருக்கிறது. ரிம்முக்கும் ஸ்போக்குகள் குறுக்கிடும் இடத்துக்கும் நடுவே தம்பூராத் தந்தியை மீட்டுவது போல ஒவ்வொன்றையும் விரலால் சுண்டுங்கள். ஒரே நீளம், ஒரே தடிமன் உள்ள கம்பிகள் ஒரே இழுவிசையில் ஒரே சுருதியில் ஒலிக்கும். ஓர் அரைச்சுரம் விலகினால் இழுவிசை ஏறத்தாழ 12 சதவீதம் விலகியிருக்கிறது என்று பொருள். சங்கீதம் தெரியாதவரின் காதுக்கும் அந்த வேறுபாடு பிடிபடும். மொத்த இழுவிசை எவ்வளவு என்பதைக் காது சொல்லாது. அதற்கு மட்டும் ஒருமுறை கருவி வைத்திருப்பவரிடம் கொண்டுபோய் ஒரு ஸ்போக்கை அளந்து, அந்தச் சுருதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி இழுவிசை வந்ததும், முழு இழுவிசை வந்ததும் என இருமுறை, இணை ஸ்போக்குகளை உள்ளங்கையில் சேர்த்துப் பிடித்து இறுக்கி நெரித்துவிடுங்கள். கம்பியில் ஏறியிருக்கும் முறுக்கு "டிக் டிக்" என்று விடுபடும். இதைச் செய்யாத சக்கரம் முதல் சவாரியிலேயே அந்தச் சத்தத்தோடு தளரும். கடைசியில் கோட்டம் பாருங்கள். பக்கவாட்டில் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கடைசி இழையளவு அழகுக்காக இழுவிசையைக் கெடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: டேப், டயர், சீலன்ட்

காற்றுக் கசியாமல் ஸ்போக் துளைகளை மூடும் டேப், ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். 30-க்கு 32 அல்லது 34. ரிம்மின் உட்புறத்தை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்து, நடுப் பள்ளத்தில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஒட்டுங்கள். வால்வ் துளையைத் தாண்டி 10 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். ஒட்டி முடித்ததும் டயருக்குள் ட்யூப் போட்டுக் காற்றடித்து ஓர் இரவு வைத்தால் டேப் மூலை முடுக்கெல்லாம் படிந்துவிடும். வால்வ் துளையைக் கத்தியால் கிழிக்காமல், சூடான ஊசியால் குத்தித் திறங்கள். வால்வ் நட்டைக் கைவிரலால் மட்டும் இறுக்குங்கள்; குறடு வேண்டாம்.

டயருக்கு 80 முதல் 100 மில்லி சீலன்ட். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் காயும். சேலத்துச் சித்திரையில் வெயில்படும் இடத்தில் நிற்கும் சைக்கிளுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி, ஒரு குச்சியை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

பஞ்சர் கடையில் கொடுக்க நேர்ந்தால் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். இரும்பு லிவரை உள்ளே விட்டு நெம்புவது அங்கே வழக்கம். கார்பன் விளிம்பு அதற்குத் தாங்காது. இரண்டு பிளாஸ்டிக் லிவர்களை எப்போதும் பையில் வைத்திருங்கள். "அண்ணே, இதை வைத்து எடுங்க" என்று கையில் கொடுத்தால் யாரும் மறுப்பதில்லை.

ஆறாம் படி: காற்று

70 கிலோ எடையுள்ளவருக்கு, 30 உள் அகலத்தில் 2.35 டயருக்கு, முன்னே 20, பின்னே 23 பிஎஸ்ஐ-யில் தொடங்குங்கள். ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். ரிம் கல்லைத் தொடும் சத்தம் ஒருமுறை கேட்டாலும் உடனே இரண்டு ஏற்றிவிடுங்கள். அதுதான் உங்கள் எல்லை. டயருக்குள் நுரை இன்செர்ட் (ரிம்மை அடியிலிருந்து காக்கும் நுரை வளையம்) போடுபவர் இன்னும் இரண்டு குறைக்கலாம். ஆனால் அதன் எடையும் கணக்கில் சேரும். பின்சக்கரத்துக்கு மட்டும் போட்டால் போதும் என்பது என் அனுபவம்.

நம் மலைக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கீழே அடித்த டயரின் அளவு மேலே ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ கூடக் காட்டும். மேலே 10 பாகை குளிர்ச்சி என்பதால் அதில் ஒரு பிஎஸ்ஐக்கு மேல் திரும்பக் குறையும். மீதம் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். சின்ன எண்ணாகத் தோன்றும், ஆனால் 20 பிஎஸ்ஐ-யில் ஓட்டுபவருக்கு ஈர இலைகளின் மேல் பிடிப்பு மாறுவது தெரியும். கீழே சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டு வாசலில் அளந்ததை விட்டுவிடுங்கள்; மேலே ஏற்காடு ஏரிக்கரையில் டீ குடிக்கும் நேரத்தில், அதே மானியால், மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

ஓட்டிய பிறகு

முதல் 50 கிலோமீட்டருக்குப் பின் ஸ்போக்குகளை மறுபடி சுண்டிப் பாருங்கள். சுருதி இறங்கிய கம்பியைக் கால் சுற்று ஏற்றுங்கள். அதற்குப் பின் மாதம் ஒருமுறை போதும். ஒவ்வொரு கல் பாதைச் சவாரிக்குப் பிறகும் ரிம்மைக் கழுவித் துடைத்து, விளிம்பையும் நிப்பிள் துளைகளையும் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளியும் கீறல், சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும். காரணம் தெரியாமல் காற்று இறங்கிக்கொண்டே இருந்தால் டேப்பைக் குறை சொல்வதற்கு முன் விளிம்பைப் பாருங்கள்.

கீறல் கண்டால் அந்தச் சக்கரத்தை அன்றே கழற்றுங்கள். பசை தடவி ஓட்டாதீர்கள். அறுக்கவோ தேய்க்கவோ நேர்ந்தால் முகக்கவசம் கட்டாயம். கார்பன் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

காரின் பின்னால் சைக்கிளைத் தொங்கவிட்டு மலைக்குக் கொண்டுபோகிறவர்கள், சக்கரம் புகைக்குழாய்க்கு நேராக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முதல் கியரில் முக்கி ஏறும்போது வெளிவரும் சூட்டில் டயரும் ரிம்மின் பிசினும் கெட்டுப்போகும்.

பாதை பற்றியும் ஒன்று. காப்பித் தோட்டங்கள் தனியார் நிலம். மற்றவை பெரும்பாலும் காப்புக் காடு. தோட்டத்து மேலாளரிடம் நேரில் கேட்டுவிட்டுப் போங்கள், காட்டுக்கு வனத்துறை அனுமதி வாங்குங்கள். மார்கழி, தை மாதங்களில் பழம் பறிப்பு நடக்கும்போது தோட்டப் பாதைகளில் கூடையோடு ஆட்கள் நடப்பார்கள். அந்த நாட்களில் நான் விடியற்காலையில், வேலையாட்கள் வருவதற்கு முன்பே இறங்கிவிடுகிறேன்.